சப்பாத்தைக் கொடுத்துவிட்ட பிள்ளை: வன்னிப் பாடசாலை ஒன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

தரம் 7 பிள்ளை ஒருவன் இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னர் உடற்கல்வி ஆசிரியரிடம் வந்து கேட்டான்: "சேர், அண்ணா தன்ர பந்தடிக்கிற சப்பாத்தை எனக்குத் தந்திட்டார். நான் வைச்சிருக்கலாமோ?"

ஏன் தந்தவர் என்று சேர் கேட்டார்.

"தனக்கு இனித் தேவைப்படாதாம்."

அண்ணா என்று அவன் சொன்னது தரம் 10இல் படிக்கும் ஒருவனை. பாடசாலை அணியில் பின்வரிசையில் விளையாடுபவன். அந்தச் சப்பாத்துக்காக விடுமுறை முழுக்கக் கச்சான் பிடுங்கப் போய்க் காசு சேர்த்தவன். வலய மட்டப் போட்டிக்கு மூன்று கிழமைதான் இருந்தது. உடற்கல்வி ஆசிரியர் "சரி, வைச்சுக்கொள்" என்று அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருக்கலாம். அவர் நேரே என்னிடம் வந்தார். அதற்குப் பிறகு நடந்த எல்லாமே அந்தப் பத்து நிமிடத்தில் தங்கியிருந்தன.

நான் இந்தப் பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியை, தமிழும் படிப்பிக்கிறேன். இங்கே எழுதுவது ஒரே பிள்ளையின் கதை அல்ல. ஒரே பாதையில் வந்த சில பிள்ளைகளின் விபரங்களைச் சேர்த்து, இடத்தையும் காலத்தையும் குடும்ப விபரங்களையும் மாற்றியிருக்கிறேன். பாடசாலையாக நாங்கள் விட்ட பிழைகளை மட்டும் மாற்றவில்லை. அவற்றை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பிள்ளையும் வீடும்

குளத்துக்குக் கீழேயுள்ள ஒரு குடியேற்றக் கிராமம். வன்னியின் பல ஊர்களைப் போல இதுவும் போரின் கடைசி மாதங்களில் ஆளில்லாமல் போனது. சனம் முள்ளிவாய்க்கால் வரை நடந்து, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் இருந்து, பிறகு தறப்பாள் கொட்டில்களுக்குத் திரும்பி வந்தது. இந்தப் பிள்ளை அப்போது கைக்குழந்தை. அவனுக்குப் போர் நினைவில்லை. அவன் வளர்ந்த வீட்டுக்கு எல்லாம் நினைவிருந்தது.

அப்பா 2009 மே மாதத்துக்குப் பிறகு இல்லை. இறந்துவிட்டார் என்று ஒருவரும் உறுதியாகச் சொல்லவில்லை. இருக்கிறார் என்று காட்டவும் ஒருவரும் இல்லை. அம்மம்மா மருமகனின் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறா, மாலை போடவில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து, பஸ்ஸுக்குக் காசிருக்கிற நாட்களில் அவவும் அந்தப் பந்தலில் போய் இருந்திருக்கிறா. அந்த நாட்களில் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து தானே பாணும் சம்பலும் செய்து சாப்பிடுவான். அம்மா நுண்நிதிக் கடன் எடுத்து, அதை அடைக்க இன்னொன்று எடுத்து, கடைசியில் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போய்விட்டா. வெள்ளிக்கிழமைகளில் வட்ஸ்அப்பில் கதைப்பா.

மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் நிலையை ஆராய்ந்து எழுதும்போது தனியாளின் மனவடுவோடு நின்றுவிடுவதில்லை. குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்பட்டதைச் சொல்கிறார். வகுப்பறையில் நிற்கிற எனக்கு அது வேறு விதமாகத் தெரிகிறது. முன்பு ஒரு பொடியன் கடைத்தெருவில் சிகரெட்டோடு நின்றால் "ஆற்ற பொடியன் நீ?" என்று கேட்க ஒரு கிழவர் இருந்தார். பெரியப்பா அடுத்த வளவில் இருந்தார். இப்போது இந்தக் குடியேற்றத்தில் பக்கத்து வீட்டார் வேறு ஊரவர். கேட்டால் சண்டை வரும் என்று பேசாமல் இருக்கிறார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த பத்துச் சோடிக் கண்களில் ஒரு சோடிதான் மிஞ்சியது. அந்தக் கண்ணிலும் வெண்புரை.

இடாப்பு சொன்னது

அன்று இடைவேளைக்குள் வகுப்பாசிரியையிடம் வரவு இடாப்பை வாங்கிப் பார்த்தேன். இரண்டு மாதமாக அவன் வராத நாட்களெல்லாம் செவ்வாயும் வெள்ளியும். காய்ச்சல் தடிமன் இப்படிக் கிழமை பார்த்து வருவதில்லை. ஆற்றுப் பக்கம் களவாக மணல் ஏற்றும் உழவு இயந்திரங்கள் திங்கள், வியாழன் இரவுகளில் ஓடுகின்றன என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வொரு நாளும் இடாப்பில் கோடு போட்ட எங்களுக்குத்தான் இரண்டையும் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

ஓர் இரவு மணல் ஏற்றினால் கிடைக்கும் காசு அந்த வீட்டில் சில நாட்களுக்குச் சாப்பாடு. விடியப்புறம் இரண்டு மணிக்குக் கண் சொருகாமல் இருக்க, கூட வேலை செய்த ஒரு அண்ணன் மாவா கொடுத்தான். மாவா என்பது பாக்கும் புகையிலையும் இன்னும் எதையெதையோ சேர்த்துப் பிசைந்து சின்னப் பொலித்தீன் பைகளில் விற்கிற சாமான். கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டால் புகையில்லை. வகுப்பில் இருந்தே போடலாம். பிறகு பகலில் நித்திரை வராதபோது மாத்திரை. எல்லாம் நாலைந்து மாதத்துக்குள்.

சப்பாத்து விடயத்துக்கு இரண்டு கிழமை முன்னர், மாணவத் தலைவர்கள் பைகளைச் சோதித்தபோது அவனுடைய பையில் ஒரு மாவாப் பக்கெற் அகப்பட்டது. ஒழுக்காற்றுக் குழு கூடியது. விடுகைப் பத்திரம் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று இருவர் சொன்னார்கள். பாடசாலையின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் எல்லோரிடமும் இருந்தது. கடைசியில் மன்னிப்புக் கடிதத்தோடு விட்டோம். மறுநாள் காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல், ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆள் விளங்கும்படி, ஒரு கண்டிப்பு நடந்தது. கூட்ட அறிக்கையில் "மாணவனுக்கு ஆலோசனை வழங்கப்பட்டது" என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

நான் வழங்கியது ஆலோசனை அல்ல. பதினைந்து நிமிடம் புத்தி சொன்னேன். அம்மா கஷ்டப்படுகிறா, அம்மம்மா பாவம், படித்தால்தான் முன்னேறலாம். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான் அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

கேட்ட கேள்வி

இந்த முறை நூலகத்தின் பின்னறையில் இருத்தினேன். மேசைக்கு அந்தப்பக்கம் நான், இந்தப்பக்கம் அவன் என்று இல்லாமல் ஒரே வாங்கில்.

"சப்பாத்தைக் குடுத்திட்டியாம்."

"ஓம் ரீச்சர்."

"ஏன் அப்பன்?"

"சும்மா."

"நித்திரை கொள்ளுறியோ?"

"இல்லை."

"மனம் கடுமையாக் கஷ்டப்படேக்க சில பேருக்கு உயிரோட இருக்க வேண்டாம் எண்டு தோன்றும். உனக்கு அப்பிடித் தோன்றுதோ?"

இடைவேளை முடிந்து மணி அடித்தது. அவன் எழும்பவில்லை.

"தோன்றுது."

"சாகிறதைப் பற்றி யோசிக்கிறியோ?"

"ஓம்."

இந்தக் கேள்வியைக் கேட்க எனக்குப் பல ஆண்டுகளாகப் பயம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பயிற்சிப் பட்டறைகளிலும் ஆசிரியர் அறையிலும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பிழையான பயம். நியூயோர்க் மாநிலத்தில் ஆறு உயர்நிலைப் பாடசாலைகளில் 2342 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்கப்பட்ட பிள்ளைகளிடம், கேட்கப்படாதவர்களைவிட மனக்கலக்கமோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்கப்பட்டது கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது. இந்தப் பையன் "ஓம்" என்று சொன்னதும் விட்ட மூச்சை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

அடுத்து, எப்படி, எப்போது என்று யோசித்தானா என்று கேட்டேன். சொன்னான். அதை இங்கே எழுதப்போவதில்லை. அது எங்கும் எழுதப்படக்கூடாது. ஆனால் கேட்டே ஆகவேண்டும். எண்ணத்தோடு நிற்கிறானா, ஆயத்தமாகிவிட்டானா என்று அதில்தான் தெரியும். இவன் ஆயத்தமாகியிருந்தான்.

"இதை நான் எனக்குள்ள மட்டும் வைச்சிருக்க ஏலாது தம்பி. ஆனா ஆருக்கு, எவ்வளவு சொல்லப்போறன் எண்டதை உன்னட்டக் கேட்டுத்தான் சொல்லுவன்."

"சேருக்குச் சொல்லுங்கோ. அதிபருக்கு வேண்டாம்."

அதிபருக்குச் சொல்லாமல் உன்னை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முடியாது, ஆனால் நீ சொன்ன எல்லாவற்றையும் சொல்லமாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துத் தலையாட்டினான்.

அதற்கு முந்தின நாள் பின்னேரம் கடன் நிறுவனத்துக்காரர் ஒருவர் அவன் வீட்டுப் படலையில் நின்று சத்தம் போட்டிருக்கிறார். அன்றிரவு அம்மா தொலைபேசியில் அழுதிருக்கிறா. மாவா விடயம் யாரோ சொல்லி அவவுக்குத் தெரிந்திருந்தது. "உனக்காகத்தானே நான் இஞ்ச கிடந்து மாயுறன்" என்றாவாம். அவவில் பிழை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஊர் அடுத்த நாள் "அம்மா பேசினதாலதான்" என்று சொல்லியிருக்கும். எங்கள் பத்திரிகைகளும் இணையத்தளங்களும் "தவறான முடிவெடுத்து" என்ற இரண்டு சொல்லில் கதையை முடித்திருக்கும். அந்தச் சொற்றொடர் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. முடிவெடுத்தான் என்றால் அவன் ஆறுதலாக இருந்து தெரிவு செய்தான் என்றாகிறது. தவறு என்றால் பழியும் அவன் தலையில். நித்திரையில்லாத நாலு மாதம், மாத்திரை, கடன், காலைக்கூட்டத்தில் பட்ட அவமானம் எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் மறைந்துபோகும்.

அன்றைய பகல்

உடற்கல்வி ஆசிரியர் அவனைவிட்டு ஒரு நிமிடமும் அகலவில்லை. கழிப்பறைக்குப் போனபோதும் வெளியே நின்றார். வகுப்பாசிரியை மோட்டார் சைக்கிளில் போய் அம்மம்மாவை ஏற்றிவந்தா. அதிபரிடம் நான் மூன்றே வசனம் சொன்னேன். இரண்டு கிழமை முன்னர் காலைக்கூட்டத்தில் கண்டித்த அதே அதிபர், திறப்பை எடுத்துக்கொண்டு எழும்பித் தன் காரிலேயே எங்களை மாவட்ட வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. சந்தியில் நிறுத்தி ஒரு பணிசும் சோடாவும் வாங்கி அவன் கையில் கொடுத்தார். அந்தப் பகலை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்தப் பணிஸ்தான்.

அம்மம்மாவுக்கு இரண்டு பயம். ஒன்று பொலிஸ். தற்கொலை முயற்சி குற்றம் என்ற நினைப்பு எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறது. இலங்கையில் 1998இலேயே சட்டத்திலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது. பொலிஸ் வரும் என்று பயந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப் பிந்துகிற குடும்பங்களுக்கு இதை ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் சொல்லவேண்டும். மற்றப் பயம், "என்ர பேரன் விசரனில்லை." மனநலப் பிரிவில் இருந்த வைத்தியர் அவவின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, "விசரெண்டு ஆரும் சொல்லேல்லை அம்மா. பிள்ளைக்கு நித்திரை கெட்டுப்போச்சு, மாத்திரை பழகிப்போச்சு, மனம் களைச்சுப்போச்சு. மூண்டையும் பாப்பம்" என்றார். சில நாட்கள் வைத்துப் பார்த்து, பிறகு மாதாந்தக் கிளினிக்குக்கு வரச்சொன்னார்கள்.

வன்னியில் வயல் செய்யும் வீடென்றால், பிள்ளை எதைச் சொன்னாலும், கேட்கவேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: வயலுக்கு அடிக்கிற மருந்து எங்கே இருக்கிறது? 1995 அளவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதம் கொண்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஓர் இலட்சம் பேருக்கு 47 அளவில். அடுத்த இருபது ஆண்டுகளில் அது 70 வீதம் அளவில் குறைந்தது. சனத்தின் துன்பம் அந்தளவு குறைந்துவிடவில்லை. அதில் பெரும்பகுதி போர் நடந்துகொண்டிருந்த காலம். 1995இலும் 1998இலும், பிறகு 2008இலிருந்தும் மிகக் கொடிய பூச்சிகொல்லிகளும் களைகொல்லிகளும் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டதே பெரிய காரணம் என்று ஆய்வாளர் கண்டார்கள். ஆத்திரத்தில் கை நீளும் அந்தச் சில நிமிடங்களில் எட்டுகிற தூரத்தில் கொல்லும் பொருள் இல்லாவிட்டால் பலர் பிழைத்துவிடுகிறார்கள். பிழைத்தவர்களில் பெரும்பாலானோர் பிறகு வாழ்கிறார்கள்.

நானும் அம்மம்மாவுக்கு ஒரு பூட்டுப் பெட்டி வாங்கிக் கொடுக்கத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் எங்களுக்குப் பக்கத்து அநுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில், 53 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை உள்ளடக்கி, மருந்தைப் பூட்டிவைக்கும் பெட்டிகள் கொடுத்துப் பெரிய சோதனை ஒன்று நடந்தது. 2017இல் முடிவு வந்தது. பெட்டி கொடுத்த ஊர்களுக்கும் கொடுக்காத ஊர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பூட்டு இருந்தாலும் திறப்பும் அதே வீட்டில்தானே. ஆகவே அவனுடைய மாமாவோடு பேசினோம். இனி மருந்து அந்த வளவுக்கே வராது. அவர் தேவைக்கு மட்டும் வாங்கி, மிச்சத்தைத் தன் வீட்டில் வைப்பார். மாமா ஒரு கேள்வியும் கேட்காமல் அன்றைக்கே போத்தல்களைச் சாக்கில் போட்டு ஏற்றிக்கொண்டு போனார்.

பாதுகாப்புத் திட்டம் என்று நான் ஒரு படிவத்தைத் தமிழாக்கி வைத்திருந்தேன். அவன் அதைப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான், அவ்வளவுதான். இரண்டாம் முறை ஒரு கொப்பித்தாளைக் கொடுத்து, உன்ர பாட்டில எழுது என்றேன். "ராத்திரி தலை இடிக்கத் தொடங்கினா தனியக் குளக்கட்டுக்குப் போகமாட்டன். அம்மம்மாவோட குசினியில இருப்பன். சேருக்கு மிஸ்கோல் அடிப்பன். சேர் எடுக்காட்டி 1926." தேசிய மனநல நிறுவகத்தின் 24 மணிநேர இலக்கம் அது. சிறுவர்களுக்கான 1929ஐ நான் கீழே சேர்த்தேன். இருவருமாக ஒருமுறை 1926ஐ எடுத்துப் பேசியும் பார்த்தோம், அந்த நேரம் வந்தால் புது இலக்கமாக இருக்கக்கூடாது என்பதற்காக. சேருக்கு முதல் மாதத்தில் மூன்று மிஸ்கோல் வந்தது. மூன்றுக்கும் அவர் திருப்பி எடுத்தார்.

எங்கள் ஜூன் 26

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் அவன் சொன்னான்: "ரீச்சர், அந்த மாத்திரையின்ர பேரே எனக்கு எங்கட பள்ளிக்கூடத்திலதான் தெரியும்."

ஜூன் 26, போதைப்பொருள் ஒழிப்பு தினம். நாங்கள் பெரிய பதாகை கட்டி, அதிகாரிகளைக் கூப்பிட்டு, மண்டபத்தில் கண்காட்சி வைத்தோம். ஒவ்வொரு போதைப்பொருளின் வர்ணப் படம், பெயர், அது தரும் உணர்வு, கீழே விளைவுகள். அழுகிய வாய்களின் படங்கள். பிள்ளைகள் வரிசையில் போய்ப் பார்த்தார்கள். உறுதிமொழி எடுத்தார்கள். நாங்கள் படம் பிடித்து வலயத்துக்கு அறிக்கை அனுப்பினோம். இவன் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒரு பெயரை.

நாங்கள் மட்டும் செய்த பிழை அல்ல இது. அமெரிக்காவில் 1983இல் லொஸ் ஏஞ்சலிஸில் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய டெயார் திட்டத்தில் சீருடைப் பொலிஸார் வகுப்புக்கு வந்து போதையின் தீமையைப் படிப்பித்தார்கள். பெற்றோருக்கும் பாடசாலைகளுக்கும் நன்றாகப் பிடித்தது. 1994இல் அதுவரையான மதிப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிள்ளைகளின் போதைப் பாவனையில் அதன் பலன் மிகச் சொற்பம். அதே நாட்டில் பால்டிமோர் நகரில், எண்பதுகளின் நடுப்பகுதியில், முதலாம் வகுப்புப் பிள்ளைகளைக் குழுக்களாக்கி ஒழுங்காக நடந்த குழுவுக்குப் பரிசு தரும் ஒரு வகுப்பறை விளையாட்டை நடத்திப் பார்த்தார்கள். போதை பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அந்தப் பிள்ளைகளை 19, 21 வயதில் திரும்பத் தேடிப் பார்த்தபோது, தொடக்கத்தில் அதிகம் குழப்படி செய்த ஆண்பிள்ளைகளிடையே போதைக்கு அடிமையானோர் ஒப்பீட்டு வகுப்புகளைவிடக் குறைவாக இருந்தனர். எங்கள் பாடசாலையில் தடுப்புக் கல்வி தரம் 10இல், அதுவும் பையைச் சோதித்த பிறகு தொடங்குகிறது.

இன்னொரு பிழையும் இருக்கிறது. ஜூன் 26 போதைக்கு, செப்டெம்பர் 10 தற்கொலைத் தடுப்புக்கு. ஒன்றுக்குப் பொலிஸார், மற்றதற்கு சுகாதாரப் பணிமனை. இரண்டு கோவை, இரண்டு அறிக்கை. ஆனால் பிள்ளையின் உடம்பு ஒன்றுதான். மணல் ஏற்றப் போனதால் நித்திரை கெட்டது, நித்திரைக்கு மாத்திரை, மாத்திரை இல்லாத நாளில் மனம் இருண்டது, பிடிபட்டதில் அவமானம். எந்த இடத்தில் போதை முடிந்து எந்த இடத்தில் சாவெண்ணம் தொடங்கியது என்று அவனிடம் கோடு கீறிக் கேட்கமுடியாது.

வகுப்பில் செய்துபார்த்தது

ஐரோப்பாவில் 10 நாடுகளில் 168 பாடசாலைகளில் 11,110 பிள்ளைகளை வைத்து மூன்று வழிகளைச் சோதித்தார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது ஒன்று. நிபுணர்கள் வினாக்கொத்தால் பிள்ளைகளைத் தரம்பிரிப்பது ஒன்று. பிள்ளைகளே நடித்தும் கதைத்தும் மனநலத்தைப் படிப்பது மற்றது. 2015இல் வந்த முடிவில் மூன்றாவது வழிதான் தெளிவான பலன் காட்டியது: ஓராண்டில் தற்கொலை முயற்சி ஒப்பீட்டுக் குழுவில் 1.51 வீதம், இவர்களிடம் 0.70 வீதம். அந்தப் பாடம் முழுவதுக்கும் எடுத்தது ஐந்து மணித்தியாலம்தான். இதை வாசித்தபோது எனக்கு அந்தத் தரம் 7 பிள்ளைதான் ஞாபகம் வந்தான். என்னுடைய எந்தப் பயிற்சிச் சான்றிதழும் சப்பாத்தைக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவன் அவன்.

ஆகவே சுகாதாரமும் உடற்கல்வியும் பாடவேளையில் தரம் 9, 10 பிள்ளைகளோடு நாலு கிழமை செய்துபார்த்தோம். உடற்கல்வி ஆசிரியர் பாதி, நான் பாதி. முதல் நாள் ஒரு காட்சி: குளக்கட்டில் உன் கூட்டாளி "எனக்கு இனி ஒண்டும் வேண்டாமடா" என்கிறான், நீ என்ன சொல்லுவாய்? பொடியள் முதலில் சிரித்தார்கள். ஒருவன், "விசர்க்கதை கதையாத எண்டு சொல்லுவன்" என்றான். சரி, அப்படிச் சொன்னால் அவன் அடுத்ததாக என்ன செய்வான் என்று கேட்டேன். "பேசாம எழும்பிப் போயிடுவான்." வகுப்பு அமைதியாகிவிட்டது. திரும்ப நடிக்கச் சொன்னோம். இரண்டாம் முறை அவன், "ஏன்டா அப்பிடிச் சொல்லுறாய், இருந்து சொல்லு" என்றான். மூன்றாம் முறை கூட்டாளியின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் நடந்து வந்தான். அதை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

போதைக்கான காட்சியில் நான் தோற்றேன். "வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கோ" என்று ஆயத்தம் செய்துகொண்டு போனேன். தரம் 10 பிள்ளை ஒருவன் எழும்பி, "ரீச்சர், ஆரும் கெடுக்கிறதுக்குத் தாறேல்லை. வேலை செய்யிற இடத்தில நித்திரை தூங்கினா அடி விழும் எண்டு பாவம் பாத்துத் தாறாங்கள்" என்றான். என் கையில் இருந்த தாள் அதோடு முடிந்தது. அந்தக் கிழமை பாடத்தை மாற்றி, இரவுவேலைக்குப் போகிற வீட்டுக் கஷ்டத்தை யாரிடம் சொல்லலாம் என்று கதைத்தோம். பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் உளவளத்துணை உத்தியோகத்தரையும் கூப்பிட்டு வகுப்பில் இருத்தினோம், பேச்சுக்கு அல்ல, முகம் தெரிவதற்கு. பிறகு இரண்டு பிள்ளைகள் தாங்களாக அவர்களிடம் போனார்கள் என்று அறிந்தேன். என்ன விடயம் என்று நான் கேட்கவில்லை.

கடைசி நாளில் ஒரு பெண்பிள்ளை சொன்னா: "அப்பா குடிச்சிட்டு வந்தா நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வேலியால பெரியம்மா வீட்ட போயிடுவன்." மற்றப் பிள்ளைகள் தங்கள் தங்கள் வேலி எதுவென்று சொல்லத் தொடங்கினார்கள். மணி அடித்தும் எழும்பவில்லை.

பதாகை

முந்தைய ஆண்டு பக்கத்துக் கிராமத்தில் ஒரு பழைய மாணவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். எங்கள் ஊர்களில் சாவென்றால் சந்தியில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டுவது வழமை. அவனுக்கு மூன்று சந்தியில் கட்டினார்கள். சிரித்த முகம், வானத்து மேகம், மாவீரருக்கு எழுதுவது போன்ற வரிகள். பொடியள் அதன் கீழ் நின்று படம் எடுத்து முகநூலில் போட்டார்கள். நாங்களும் காலைக்கூட்டத்தில் மாலை போட்டு நீளமாகப் பேசினோம். அன்பில் செய்ததுதான். ஆனால் இந்தப் பையன் பிறகு என்னிடம் சொன்னான், "செத்தாப் பிறகுதான் அவரைப் பற்றி எல்லாரும் நல்லாக் கதைச்சவை." அந்த வசனத்தை நான் இன்னும் சுமக்கிறேன்.

கலிபோர்னியாவில் 2016இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: 7 முதல் 12ஆம் வகுப்பு வரை பிள்ளைகள் உள்ள கல்வி மாவட்டங்கள் தற்கொலைத் தடுப்புக் கொள்கையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். அதில் தடுப்பதும் இடையில் தலையிடுவதும் மட்டுமல்ல, ஒரு மரணம் நடந்துவிட்டால் பிறகு எப்படி நடப்பது என்பதும் இருக்கவேண்டும். சட்டம் வரும்வரை காத்திருக்காமல் எங்களுக்கென ஒரு பக்கம் எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டியிருக்கிறோம். அப்படியொரு மரணம் நடந்தால் பாடசாலைப் பெயரில் பதாகை இல்லை. எப்படி இறந்தான் என்று கூட்டத்தில் சொல்வதில்லை. வீரமாக்குவதில்லை, பழிப்பதுமில்லை. இறந்தவனின் வகுப்பையும் அணியையும் நெருங்கிய கூட்டாளிகளையும் அன்றே சின்னச் சின்னக் குழுவாக இருத்திக் கதைக்கிறோம். அஞ்சலி மற்ற எந்த மாணவனுக்கும் செய்கிற அளவில். பழைய மாணவர் சங்கத்துக்கு இது இன்னும் முழுதாக ஏற்புடையதாக இல்லை. "எங்கட பிள்ளைக்கு ஒரு பதாகைகூடக் கட்டக்கூடாதோ?" என்று கேட்ட பெரியவரின் கண் கலங்கியிருந்தது. அவருக்கு நான் இரண்டு முறை போய் விளக்கினேன். மூன்றாம் முறையும் போவேன்.

போதைப்பொருளோடு பிடிபட்டால் விடுகைப் பத்திரம் என்பதையும் அந்தப் பக்கத்தில் எடுத்துவிட்டோம். விற்கிற வலையமைப்பில் பிள்ளை அகப்பட்டிருந்தால் சிறுவர் பாதுகாப்புப் பொறிமுறைக்குச் சொல்லுவோம்; பாவித்ததற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்தமாட்டோம். அன்று நாங்கள் அவனுக்கு விடுகைப் பத்திரம் கொடுத்திருந்தால், சப்பாத்தைக் கொடுக்க அவனுக்கு ஒரு தரம் 7 தம்பி இருந்திருக்கமாட்டான்.

இன்றைய நிலை

பையன் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறான். கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறான். மாவாவை நிறுத்தி இரண்டு முறை திரும்பப் போட்டான். இரண்டு முறையும் அவனே வந்து சொன்னான். வலய மட்டப் போட்டி அவன் வைத்தியசாலையில் இருந்தபோது முடிந்துவிட்டது. தரம் 7 பிள்ளை சப்பாத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். பெரிதாக இருந்ததாம், போடவே இல்லையாம். அம்மா இன்னும் குவைத்தில். கடனில் ஒரு பகுதியைத் தவணை மாற்றித் தர அந்த நிறுவனம் ஒத்துக்கொண்டது. மற்றது அப்படியே நிற்கிறது.

பாடசாலைக்கு எதிரே உள்ள பெட்டிக்கடை பற்றிச் சுகாதாரப் பரிசோதகருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருளும் மதுசாரமும் விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். கடைக்காரர் இப்போது எங்கள் பிள்ளைகளுக்கு விற்பதில்லை என்று சொல்கிறார். மணல் உழவு இயந்திரங்கள் ஓடுகின்றன. திங்கள் இரவு நான் படுக்கையில் இருந்தே அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன்.

இந்தத் தவணை எல்லா வகுப்பாசிரியர்களும் மாதமுடிவில் இடாப்பைக் கிழமை நாள்படி ஒருமுறை பார்த்து என்னிடம் தருகிறார்கள். தரம் 9இல் ஒரு பிள்ளைக்கு மூன்று செவ்வாய்க்கிழமை வெறுமையாக இருக்கிறது. நாளை இடைவேளைக்கு நூலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.